விட்டோரியோ டி சிகாவைப் பார்க்கத் தொடங்குவோருக்கு: நடிகரின் வழியாக இயக்குநரை அடைதல்

விட்டோரியோ டி சிகா என்றதும் 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தின் இயக்குநர் என்பதுதான் நம் வாசகர்களில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வரும். அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, கண்கலங்கிவிட்டு, அத்துடன் அவரை விட்டுவிடுகிறவர்களே அதிகம். ஆனால் அந்தப் படம் வெளிவந்த 1948ஆம் ஆண்டு வரை இத்தாலிய மக்கள் அவரை முதன்மையாக ஒரு நட்சத்திர நடிகராகவே அறிந்திருந்தார்கள். நேர்த்தியாக உடுத்தி, புன்னகைத்து, பாட்டுப் பாடி, கடைப் பணிப்பெண்களின் மனத்தைக் கவரும் காதல் நாயகன் அவர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் நடித்த அவர், நடிப்பை விட்டுவிட்டு இயக்கத்துக்குப் போனவரும் அல்லர். இரண்டையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தே செய்தார். அவருடைய இயக்கத்தின் இரகசியம் அவருடைய நடிப்பில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஆகவே இந்த வழிகாட்டி ஆண்டு வரிசையையோ விருது வரிசையையோ பின்பற்றாமல், நடிகரைப் பிடித்துக்கொண்டு இயக்குநரிடம் போய்ச் சேரும் ஒரு வரிசையைப் பரிந்துரைக்கிறது.

தொடங்கும் முன்: பிரதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்

ஒரே படம் இத்தாலியத் தலைப்பு ஒன்றாகவும் ஆங்கிலத் தலைப்புகள் இரண்டு மூன்றாகவும் புழங்குவதால், தேடும்போது இயக்குநர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுவது நல்லது. 'டூ விமன்' என்று தேடினால் கிடைக்கும் படத்தின் இத்தாலியப் பெயர் 'லா சோச்சாரா'. இரண்டும் ஒன்றே என்று அறியாமல் இரண்டு முறை தேடி அலைபவர்கள் உண்டு.

அடுத்தது படத்தின் நீளம். டி சிகாவின் சில படங்கள் அயல்நாடுகளில் வெட்டிச் சுருக்கப்பட்டே வெளியாயின. அமெரிக்கத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்குடன் சேர்ந்து அவர் 1953இல் எடுத்த 'டெர்மினல் ஸ்டேஷன்' இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. டி சிகாவின் வடிவம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஓடும். செல்ஸ்னிக் வெட்டி வேறு தலைப்பில் வெளியிட்ட வடிவமோ ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். ஆறு கதைகள் கொண்ட 'த கோல்டு ஆஃப் நேப்பிள்ஸ்' படமும் வெளிநாடுகளில் நான்கு கதைகளோடுதான் ஓடியது. நீங்கள் பார்க்கும் பிரதி இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் அது முழுப் பிரதி அன்று.

மூன்றாவதாக, உதட்டசைவும் குரலும் பொருந்தாமல் இருப்பதைக் கண்டு பிரதி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். அக்கால இத்தாலியப் படங்களில் குரலைப் படப்பிடிப்புக்குப் பின் தனியே பதிவு செய்வதே வழக்கம். நடித்தவரின் குரலும் கேட்கும் குரலும் ஒருவருடையதாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதனால் ஆங்கில டப்பிங்கில் பார்த்தாலும் ஒன்றுதானே என்று சிலர் வாதிடுவதுண்டு. ஆனால் நேப்பிள்ஸ் பேச்சின் ஏற்ற இறக்கமும் மிலான் பேச்சின் விறைப்பும் இந்தப் படங்களின் நகைச்சுவையில் பாதியைச் சுமப்பதால், இத்தாலிய ஒலியையும் சப்டைட்டிலையும் சேர்த்தே பாருங்கள்.

முதல் படி: நேப்பிள்ஸின் சூதாடிப் பிரபு

'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தில் தொடங்க வேண்டாம். 1954இல் வந்த 'த கோல்டு ஆஃப் நேப்பிள்ஸ்' படத்தில், அதுவும் சூதாடிகளைப் பற்றிய கதையில் தொடங்குங்கள். ஜுசெப்பே மரோத்தாவின் சிறுகதைகளை வைத்து எடுக்கப்பட்ட படம் இது. அந்தக் கதையில் டி சிகா சூதாட்டப் பைத்தியம் பிடித்த ஒரு பிரபுவாக நடிக்கிறார். கையில் காசு தராமல் மனைவி அவரைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதால், வேறு வழியின்றி மாளிகைக் காவலாளியின் சிறு மகனை இழுத்து உட்கார வைத்து அவனோடு சீட்டாடுகிறார். பையனுக்கு ஆட்டத்தில் ஆர்வமே இல்லை. வெளியே போய்த் தன் வயதுப் பிள்ளைகளோடு விளையாட வேண்டும் என்பதுதான் அவன் நினைப்பு. ஆனாலும் அவன்தான் ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்கிறான். தோற்கத் தோற்கப் பிரபுவின் கண்ணியம் ஒவ்வோர் அடுக்காக உரிந்து விழுகிறது.

இதை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பிரபுவை மட்டும் கவனியுங்கள். சீட்டைப் பிடிக்கும் விரல்கள், மேலங்கியைச் சரிசெய்யும் தோரணை, தோற்ற பிறகு வாதிடும் குரல் எல்லாவற்றிலும் மேடையில் ஊறிய ஒரு நடிகரின் கைவண்ணம் தெரியும். இரண்டாம் முறை பையனை மட்டும் கவனியுங்கள். அவன் ஏறக்குறைய எதுவுமே செய்வதில்லை. சலிப்போடு சீட்டைப் போடுகிறான், அவ்வளவுதான். அப்படி எதுவும் செய்யாமல் இருக்கும்படி அவனை அமர்த்தியவர் எதிரே உட்கார்ந்து அத்தனையும் செய்துகொண்டிருக்கும் அதே மனிதர். டி சிகாவின் இரு தொழில்களும் ஒரே மேசையின் இரு பக்கங்களில் இருப்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு காட்சியை நான் அறியேன்.

டி சிகாவே சூதாட்ட மேசையிலிருந்து எழ முடியாதவராக இருந்தார் என்பது ஊரறிந்த செய்தி. அந்தப் பழக்கமும், ஜுதித்தா ரிஸ்ஸோனே, மரியா மெர்காதெர் ஆகிய இருவரோடும் அமைந்த இரண்டு குடும்பங்களின் செலவும் சேர்ந்து, கிடைத்த வேடத்தையெல்லாம் ஏற்கும்படி அவரை விரட்டின. அவருடைய நடிப்புப் பட்டியலில் குப்பை நிறைய இருப்பதற்குக் காரணம் இதுவே. தன் குறையைத் தானே எழுந்து நின்று நடித்துக் காட்டி, அதைக் கண்டு பார்வையாளர்களைச் சிரிக்க வைத்த துணிவை அவருக்கு வரவில் வைக்க வேண்டும்.

நேரம் இருந்தால் அதே படத்தில் டோட்டோ, சில்வானா மங்கானோ, எதுவார்தோ தெ ஃபிலிப்போ ஆகியோர் நடித்த கதைகளையும், இளம் சோஃபியா லாரன் பிட்சாக் கடைக்காரரின் மனைவியாக வரும் கதையையும் பாருங்கள். குழந்தையின் சவ ஊர்வலத்தைக் காட்டும் கதை வெட்டுப்பட்ட பிரதிகளில் இருக்காது. அது இருக்கிறதா என்று பார்ப்பதே முழுப் பிரதியை அறிய எளிய வழி.

இரண்டாம் படி: 1930களின் கதாநாயகன்

டி சிகா 1901ஆம் ஆண்டு ஜூலை 7 அன்று சோரா என்ற ஊரில் பிறந்து, நேப்பிள்ஸில் வளர்ந்தவர். பதின்பருவத்திலேயே ஊமைப்படமொன்றில் தலைகாட்டினார். 1923இல் தத்தியானா பாவ்லோவாவின் நாடகக் குழுவில் சேர்ந்தார். அவரைத் திரை நட்சத்திரமாக்கியவர் மாரியோ கமெரினி. கமெரினி இயக்கத்தில் 1932இல் வந்த 'வாட் ஸ்கவுண்ட்ரல்ஸ் மென் ஆர்' படத்தில், முதலாளியின் காரைத் தன்னுடையது என்று காட்டி ஒரு பெண்ணைக் கவர முயலும் ஓட்டுநராக வருகிறார். அந்தப் படத்தில் அவர் பாடிய 'பார்லாமி தாமோரே மரியூ' பாட்டு இன்றளவும் இத்தாலியில் பாடப்படுகிறது. அரங்கங்களுக்குள் படமெடுப்பதே வழக்கமாக இருந்த காலத்தில் அதன் கணிசமான பகுதி மிலான் தெருக்களிலும் கண்காட்சித் திடலிலும் எடுக்கப்பட்டது என்பதைக் கவனத்தில் வையுங்கள். தெருவில் படமெடுக்கும் வித்தையை டி சிகா போருக்குப் பின் திடீரென்று கண்டுபிடித்துவிடவில்லை; கமெரினியின் கேமராவுக்கு முன் நின்றே கற்றிருந்தார்.

கமெரினியின் படங்களில் இந்த ஒன்றைப் பார்த்தால் போதும். ஆர்வமுள்ளவர்கள் 1935இல் வந்த 'ஐ வில் கிவ் எ மில்லியன்' படத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். அதன் கதையில் பங்கு கொண்ட செசாரே சவாட்டினிதான் பின்னர் டி சிகாவின் திரைக்கதை ஆசிரியராகி, ஏறக்குறைய கடைசி வரை உடன் வந்தவர்.

டி சிகா 1940இல் இயக்கத்துக்கு வந்தார். முதலில் எடுத்தவை இலகுவான நகைச்சுவைப் படங்கள். அவற்றுள் 'தெரேசா வெனெர்தி' மட்டும் பார்க்கத் தக்கது. அதில் அவரே கடனில் மூழ்கிய மருத்துவராக நடித்து இயக்கினார். அன்னா மஞ்ஞானி பாடகியாக வந்து, வரும் காட்சிகளையெல்லாம் தனதாக்கிக்கொள்கிறார்.

மூன்றாம் படி: நடிகர்கள் அல்லாதவர்களின் நடிப்பு

இங்கே அவசரம் வேண்டாம். நான்கு படங்களை, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே சில நாள் விட்டுப் பார்க்க வேண்டிய கட்டம் இது.

முதலில் 'த சில்ட்ரன் ஆர் வாட்சிங் அஸ்'. போர்க்காலத்தில் எடுக்கப்பட்டு 1944இல் வெளியானது. தாய் காதலனோடு போய்விட, தந்தை நொறுங்கிப்போவதை ஒரு சிறுவனின் கண் வழியே சொல்கிறது. இறுதிக் காட்சியில் அந்தச் சிறுவன் தாயை ஏற்க மறுத்துத் திரும்பி நடப்பதைப் பாருங்கள். அவன் விலகி நடக்கும்போது முதுகும் நடையுமே அங்கே நடிக்க வேண்டியிருக்கிறது.

அடுத்து 1946இல் வந்த 'ஷூஷைன்'. ரோமில் அமெரிக்கச் சிப்பாய்களின் காலணிகளுக்கு மெருகு போட்டுப் பிழைக்கும் இரண்டு சிறுவர்கள், சேர்த்த காசில் ஒரு குதிரை வாங்குகிறார்கள். பிறகு சிறார் சிறையில் அகப்பட்டு ஒருவருக்கொருவர் பகையாகிறார்கள். இத்தாலியில் போதிய வசூல் இல்லாத இந்தப் படத்துக்கு 1948ஆம் ஆண்டு ஆஸ்கர் விழாவில் சிறப்பு விருது கிடைத்தது. அயல்மொழிப் படத்துக்கென்று தனிப் போட்டிப் பிரிவு உருவாகாத காலம் அது.

மூன்றாவதாக 'பைசைக்கிள் தீவ்ஸ்'. முன்பே பார்த்திருந்தாலும் இப்போது மறுபடி பாருங்கள். முன் இரண்டு படிகளையும் கடந்து வந்தபின் இது வேறு படமாகத் தெரியும். ஹாலிவுட் நட்சத்திரம் கேரி கிராண்ட் நாயகனாக நடித்தால் பணம் தருவதாகச் செல்ஸ்னிக் முன்வந்தார். டி சிகா அதை மறுத்து, பிரேதா தொழிற்சாலையின் தொழிலாளியான லம்பெர்த்தோ மஜ்ஜொரானியைத் தந்தையாகவும், தெருவில் கண்ட என்ஸோ ஸ்தயோலாவை மகன் புரூனோவாகவும் தேர்ந்தார். தொழில்முறை நடிகர்கள் வேண்டாம் என்று முடிவெடுத்த இயக்குநர் ஒரு தொழில்முறை நடிகர் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர் நடிப்பையே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. ஒவ்வொரு பாத்திரத்தையும் தானே நடித்துக் காட்டி, அதை அவர்களிடமிருந்து வாங்குவதே அவருடைய முறை. குழந்தைக்கும் அப்படித்தான், பின்னாளில் உலக நட்சத்திரத்துக்கும் அப்படித்தான். தந்தையின் நீண்ட காலடிகளுக்கு ஈடுகொடுக்க ஓடியும் நடந்தும் வரும் புரூனோவின் நடையில், உணவகத்தில் பக்கத்து மேசைப் பணக்காரச் சிறுவனைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பாலாடைக்கட்டியை இழுத்துத் தின்னும் விதத்தில், டி சிகா என்ற நடிகரின் அளவான நகைச்சுவை அப்படியே இருக்கிறது. இந்தப் படத்தை வெறும் வறுமையின் ஆவணமாகப் பார்ப்பவர்கள் இந்த நேர்த்தியைத் தவறவிடுகிறார்கள். மழைக்கு ஒதுங்கும் காட்சியில் நிற்கும் இளம் குருமாணவர்களில் ஒருவர், பிற்காலத்தில் கௌபாய்ப் படங்களால் புகழ்பெற்ற செர்ஜியோ லியோனே, தேடிப் பாருங்கள்.

படத்தின் வெற்றி மஜ்ஜொரானிக்கு நல்வாழ்வைத் தரவில்லை. தொழிற்சாலைக்குத் திரும்பியவர் ஆட்குறைப்பில் வேலையிழந்தார். நடிப்பிலும் பெரிய வாய்ப்பு அமையவில்லை. நடிகர்கள் அல்லாதவர்களை வைத்துப் படமெடுப்பதைப் புகழும்போது இந்தப் பக்கத்தையும் மறக்கலாகாது.

நம் நாட்டோடு இந்தப் படத்துக்கு ஒரு நேரான தொடர்பு உண்டு. 1950இல் லண்டனில் இதைப் பார்த்த சத்யஜித் ராய், தன் முதல் படத்தை இந்த வழியில்தான் எடுப்பது என்று உறுதி கொண்டார். 1952இல் பம்பாயில் தொடங்கிச் சென்னை உள்ளிட்ட நகரங்களுக்கும் சென்ற இந்தியாவின் முதல் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் இது காட்டப்பட்டபோது, இந்தியத் திரைத்துறையினர் பலரிடத்தில் அதன் தாக்கம் ஆழமாக இறங்கியது.

நான்காவது 1952இல் வந்த 'உம்பெர்த்தோ டி'. டி சிகா தன் தந்தை உம்பெர்த்தோவுக்குக் காணிக்கையாக்கிய படம். ஓய்வூதியத்தில் காலம் தள்ள முடியாமல் வாடகை வீட்டிலிருந்து விரட்டப்படும் முதியவராக, ஃபுளோரன்ஸ் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர் கார்லோ பத்திஸ்தி நடித்தார். பிச்சை எடுக்கத் துணியும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கையை நீட்டிப் பழகுகிறார். ஒருவர் காசு போட வரும் அந்தக் கணத்தில், மழை பெய்கிறதா என்று பார்ப்பவரைப் போல உள்ளங்கையைக் கவிழ்த்துவிடுகிறார். பிறகு தன் நாயின் வாயில் தொப்பியைக் கொடுத்து நிற்கவைத்துவிட்டுத் தான் ஒளிந்துகொள்கிறார். வசனத்தில் சொல்லப்போனால் மிகையாகிவிடும் மானத்தை ஒரு கையசைவில் முடித்துவிடும் இந்தக் காட்சி, நடிகர் ஒருவரின் மூளையில் மட்டுமே உதிக்கக்கூடியது என்று நான் நம்புகிறேன். வேலைக்காரப் பெண் விடியலில் எழுந்து, எறும்புகளைச் சுவரிலிருந்து விரட்டி, காப்பிக்கொட்டையை அரைத்து, கால்நுனியால் கதவைத் தள்ளிச் சாத்தும் காட்சியும் அப்படியே. கதை எதுவும் நகராத அந்தச் சில நிமிடங்களைப் பிரெஞ்சு விமர்சகர் ஆந்த்ரே பாஸேன் மிக உயர்வாக மதித்தார்.

இந்தப் படம் இத்தாலியில் தோற்றது. அரசில் திரைத்துறைப் பொறுப்பை வகித்த ஜூலியோ அந்த்ரெயோத்தி, டி சிகா நாட்டுக்குத் தீங்கு செய்கிறார் என்ற பொருளில் வெளிப்படையாகவே எழுதினார். எளிய மக்களின் வாழ்வைத் தெருக்களிலேயே, பெரும்பாலும் நடிகர்கள் அல்லாதவர்களை வைத்துப் படமாக்கிய, நியோரியலிசம் என்று நாம் இன்று போற்றும் அலைக்கு இதன் பிறகு காற்று இறங்கத் தொடங்கியது.

இவற்றோடு 'மிராக்கிள் இன் மிலான்' படத்தை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். கான் விழாவில் 1951இல் உயரிய விருதைப் பகிர்ந்துகொண்ட, ஏழைகள் துடைப்பத்தில் ஏறி மிலான் பேராலயத்தின் மேல் பறக்கும் இனிய கற்பனை அது. ஆனால் அதில் சவாட்டினியின் கை ஓங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

நான்காம் படி: பிறர் இயக்கத்தில்

அடுத்தடுத்த தோல்விகளுக்குப் பின் டி சிகாவுக்குச் சோறு போட்டது நடிப்புதான். இக்காலப் படங்களில் மூன்றைப் பாருங்கள், வரிசை முக்கியம்.

முதலில் லூயிஜி கொமென்சினி இயக்கி 1953இல் வந்த 'பிரெட், லவ் அண்ட் ட்ரீம்ஸ்'. மலைக் கிராமத்துக்கு மாற்றலாகி வரும் காவல்துறை அதிகாரியாக, தலைமயிர் நரைத்தும் மன்மத எண்ணம் குறையாத மனிதராக டி சிகா வருகிறார். ஜினா லொல்லோபிரிஜிதா உடன் நடித்திருக்கிறார். நியோரியலிசத்தின் வறிய கிராமத்தையே சிரிப்புக்கான களமாக்கிவிட்டது என்று இதைக் கடிந்துகொண்ட விமர்சகர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆயினும் 1930களின் கதாநாயகன் தன் பழைய கவர்ச்சியைத் தானே கேலி செய்வதைப் பார்க்கும் இன்பத்தை இழக்க வேண்டியதில்லை. பெரும் வசூல் கண்ட இந்தப் படத்தைத் தொடர்ந்து வந்தவற்றைத் தவிர்த்துவிடலாம்.

அதே 1953இல் மேக்ஸ் ஓபுல்ஸ் பிரெஞ்சில் எடுத்த 'தி இயரிங்ஸ் ஆஃப் மதாம் தெ' அடுத்தது. அதில் டி சிகா ஓர் இத்தாலியத் தூதர். கேலி இல்லை, மிகை இல்லை. நடன அரங்குகளில் இரவுக்கு இரவு நெருக்கம் கூடிக்கொண்டே போகும் தொடர் நடனக் காட்சியில் அவருடைய அடக்கம் வியக்க வைக்கும்.

மூன்றாவது ரொபெர்த்தோ ரொஸ்ஸெல்லினியின் 'ஜெனரல் டெல்லா ரோவரே'. 1959இல் வெனிஸ் விழாவின் தங்கச் சிங்கத்தை மாரியோ மொனிச்செல்லியின் 'த கிரேட் வார்' படத்தோடு பகிர்ந்துகொண்டது. ஜெர்மானியர் பிடியில் இருக்கும் இத்தாலியில், கைதிகளின் குடும்பத்தாரிடம் விடுதலை வாங்கித் தருவதாகப் பணம் கறந்து சூதாட்டத்தில் தொலைக்கும் ஏமாற்றுக்காரன் ஒருவன், ஜெர்மானியரால் சிறைக்குள் ஒரு தளபதியாக நடிக்க வைக்கப்படுகிறான். நடித்து நடித்து, கடைசியில் அந்தத் தளபதிக்குரிய முடிவையே ஏற்கிறான். டி சிகாவின் ஆகச்சிறந்த நடிப்பு இது என்பதில் எனக்கு ஐயமில்லை. முதல் படியில் பார்த்த பிரபுவைச் சிரிப்பு நீக்கிப் பார்த்தால் இந்த மனிதன் கிடைப்பான். ஒரு நடிகரையே வேடமிடுபவராகக் காட்டி, வேடம் எந்த இடத்தில் ஆளாகிறது என்று கேட்கும் படத்துக்கு, வேறு எவரைத் தேர்ந்திருந்தாலும் இந்த அளவு பொருந்தியிருக்காது.

ஐந்தாம் படி: லாரனுடன்

இனி மறுபடி இயக்குநரிடம் வரலாம். ஆல்பெர்த்தோ மொராவியாவின் நாவலைத் தழுவி 1960இல் வெளிவந்த 'டூ விமன்' படத்தில், போருக்கு அஞ்சி ரோமிலிருந்து மகளோடு மலைநாட்டுக்கு ஓடும் தாயாக சோஃபியா லாரன் நடித்தார். முதலில் தாயாக அன்னா மஞ்ஞானியும் மகளாக லாரனும் நடிப்பதாகத்தான் பேச்சு. மஞ்ஞானி விலகவே, 25 வயதை ஒட்டியிருந்த லாரன் தாயானார். ஆங்கிலமல்லாத மொழியில் நடித்ததற்காகச் சிறந்த நடிகை ஆஸ்கர் பெற்ற முதல் நடிகை அவரே. 'ஷூஷைன்' சிறுவர்களிடம் நடிப்பை வாங்கிய அதே முறை ஒரு கவர்ச்சி நட்சத்திரத்திடம் என்ன செய்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க இது தக்க படம். மகள் மீதும் தாய் மீதும் நிகழும் பாலியல் வன்முறை கதையின் மையம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பாருங்கள்.

பிறகு 'எஸ்டர்டே, டுடே அண்ட் டுமாரோ', 'மேரேஜ் இத்தாலியன் ஸ்டைல்' ஆகிய இரண்டும், முறையே 1963, 1964ஆம் ஆண்டுகளில் வந்தவை, லாரனும் மார்செல்லோ மாஸ்ட்ரோயானியும் இணைந்தவை. முன்னதன் நேப்பிள்ஸ் கதையில், கள்ளச் சிகரெட் விற்ற குற்றத்துக்குச் சிறை செல்லாமல் தப்ப, சட்டம் தரும் சலுகையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் தொடர்ந்து கருவுற்றுக்கொண்டே இருக்கிறாள். கணவனோ இளைத்துக்கொண்டே போகிறான். அப்படத்துக்கு அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது. இவற்றை டி சிகாவின் சரிவு என்று ஒதுக்குவோர் உளர். நேப்பிள்ஸில் வளர்ந்த ஒரு நகைச்சுவை நடிகர் தன் ஊருக்கே திரும்பிய படங்கள் என்று பார்த்தால், அந்தக் கணக்கு அவ்வளவு நியாயமாகத் தோன்றவில்லை.

ஆறாம் படி: கடைசிக் காலமும் அதன் பின்னும்

1960களின் பிற்பகுதியில் அவர் எடுத்த பன்னாட்டுத் தயாரிப்புகளைப் புதிதாக வருபவர்கள் தாண்டிச் செல்லலாம். 1970இல் வந்த 'த கார்டன் ஆஃப் த ஃபின்ஸி-கோன்டினிஸ்' படத்தை மட்டும் விடக்கூடாது. யூதர்களுக்கு எதிரான 1938ஆம் ஆண்டின் இனச் சட்டங்களுக்குப் பிறகு, ஃபெர்ராரா நகரில் உயர்ந்த மதிலுக்குள் டென்னிஸ் ஆடிக்கொண்டு ஆபத்தை நம்ப மறுக்கும் ஒரு செல்வ யூதக் குடும்பத்தின் கதை. நாவலாசிரியர் ஜோர்ஜோ பஸ்ஸானி திரைக்கதையில் செய்த மாற்றங்களை ஏற்காமல் முரண்பட்டார். ஆகவே நாவலைப் படித்தவர்கள் அதைத் தனியாகவும் படத்தைத் தனியாகவும் மதிப்பிடுவது நல்லது. இசை டி சிகாவின் மகன் மனுவேல். 1971இல் பெர்லின் விழாவின் தங்கக் கரடியும், அடுத்த ஆண்டு ஆஸ்கரும் இதற்குக் கிடைத்தன.

டி சிகா 1974ஆம் ஆண்டு நவம்பர் 13 அன்று பாரிஸை ஒட்டிய நெய்யியில் காலமானார். அடுத்த மாதம் வெளியான எத்தோரே ஸ்கோலாவின் 'வி ஆல் லவ்டு ஈச் அதர் ஸோ மச்' அவருக்குக் காணிக்கையாக்கப்பட்ட படம். இந்த வரிசையின் கடைசியில் அதை வையுங்கள், முன்னதாகப் பார்த்துவிட வேண்டாம். அதில் வரும் திரைப்படப் பித்தரான ஓர் ஆசிரியர், தொலைக்காட்சி வினாடிவினாவில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' சிறுவன் ஏன் அழுதான் என்ற கேள்விக்கு, டி சிகா அவன் சட்டைப்பையில் சிகரெட் துண்டுகளைப் போட்டுவிட்டு அவனைத் திட்டி அழவைத்த கதையை விரிவாகச் சொல்லித் தோற்றுப்போகிறார். பிறகு ஒரு கூட்டத்தில் டி சிகாவே மேடையேறி அதே கதையைச் சொல்வதை அந்த ஆசிரியர் தொலைவில் நின்று கேட்கிறார். அந்தச் சிறுவனின் அழுகையை நீங்கள் முதலில் பார்த்திருந்தால்தான் வினாடிவினாக் காட்சியின் சிரிப்பும் அதன் உள்ளேயிருக்கும் கசப்பும் பிடிபடும்.